ஏழு கையெழுத்துத் தண்ணீர்

மனிதகுலம் சற்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய அறிவிப்பு இது. இன்று மாலை சரியாக ஐந்து மணிக்கு, இருபத்திரண்டு வீடுகள் மட்டுமே கொண்ட ஒரு வீதி, தன்னைத் "தூய நீர் வீதி" என்று உலகுக்குப் பிரகடனம் செய்துகொள்ள இருந்தது. பலகை தயார். பலகையை மறைக்கும் திரை தயார். திரையை இழுக்கும் கயிறு தயார். கயிற்றை இழுக்கப்போகும் கை குடியிருப்போர் நலச் சங்கத் தலைவருடையது. அது மூன்று நாளாகவே தயார்.

தகராறு பண்ணிக்கொண்டிருந்தது பதினாலாம் நம்பர் வீடு மட்டும்தான்.

"சதி" என்றார் தலைவர். பகல் ஒரு மணிக்குத் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவர் அந்தச் சொல்லை உச்சரித்தது ஆறாவது முறை.

எதிரே சோபாவில் துப்பறிவாளர். ஐம்பது வயது, பெரிய உடம்பு, கூர்மையான பார்வை. அந்தப் பார்வைக்கு முன் பல குற்றவாளிகள் வியர்த்திருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடியை எங்கேயாவது வைத்துவிட்டு வரும் நாட்களில்தான் அவர் அப்படிக் கூர்ந்து பார்ப்பார் என்பது அவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் உதவியாளன். ஒல்லி, முப்பத்தைந்து வயது, பத்து வருஷம் இன்ஷூரன்ஸ் விற்றவன். எல்லோரும் அவனைக் கொசு என்பார்கள். உடம்பு அவ்வளவுதான், சத்தம் நேரே காதுக்குள்.

"இந்த வீதியில ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த போர்வெல்" என்றார் தலைவர். "பாறைக்கு அடியிலேருந்து வர்ற தண்ணி. அந்தப் பாறையிலேருந்து ரேடான்னு ஒரு கேஸ் தண்ணியில கரையும்னு பேப்பர்ல போட்டிருந்தான். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. குழாயைத் திறந்தா தண்ணியை விட்டு வெளியே வந்து காத்துல கலந்துடுமாம். வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரல் போச்சு. படிச்சிட்டு நான் சும்மா இருப்பேனா?"

"இருக்க மாட்டீங்க" என்றான் கொசு. "முகத்தைப் பார்த்தாலே தெரியுது."

தலைவர் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "இருபத்திரண்டு வீட்டுத் தண்ணியையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். அளவு முந்நூறுக்குக் கீழ இருந்தா கவலை இல்லை. அத்தனை வீடும் முந்நூறுக்குக் கீழ! என் வீடு வெறும் நாற்பத்தெட்டு. வீதியிலேயே சுத்தம்."

அவர் கை காட்டிய சுவரில் அந்தச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கியது. அதற்குக் கீழே அவருடைய கல்யாணப் படமும் இருந்தது, கொஞ்சம் சின்னதாக.

"பதினாலாம் நம்பருக்கு நூத்து நாற்பத்திரண்டுன்னு வந்தது. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு பைப்காரன் வந்து, அதே குழாயில தண்ணி பிடிச்சு, அதே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பறான். ஆயிரத்து ஐந்நூறாம்! நான் கேட்கறேன், நூத்து நாற்பத்திரண்டு எப்படி சார் ஆயிரத்து ஐந்நூறு ஆகும்?"

"குழந்தை குட்டி பெத்திருக்கும்" என்றான் கொசு.

"கேஸை எடுக்கற தொட்டி விக்கறான் அவன். புட்டியில எதையோ கலந்திருக்கான். அஞ்சு மணிக்குக் கூட்டம். அவன் லைசென்ஸை ரத்து பண்ணச் சொல்லித் தீர்மானம் போடப்போறோம். அதுக்குள்ள எனக்கு ஆதாரம் வேணும்."

துப்பறிவாளர் முதல் முறையாக வாயைத் திறந்தார். "ஆதாரம் எந்தப் பக்கம் போனாலும் பரவாயில்லையா?"

"உண்மையா இருந்தா போதும்" என்று நெஞ்சை நிமிர்த்தினார் தலைவர்.

பிற்பாடு வருத்தப்பட வேண்டிய வாக்கியங்களை மனிதர்கள் ஏனோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்கிறார்கள்.

*

பதினாலாம் நம்பர் வீட்டின் முன்னறையில் தையல் மெஷின், பாதி வெட்டிய துணி, சாக்கட்டிக் கோடுகள். தையல்காரம்மா ஒரு கத்தரிக்கோலுக்கு அடியில் இரண்டு காகிதங்களை வைத்திருந்தாள். ஒன்றில் 142. இன்னொன்றில் 1500.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எங்க வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலேருந்து விடறாங்க" என்றாள். "நுரையீரல்ல ஒரு பக்கம் பாதியை எடுத்துட்டாங்க. மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தணும்னா வீட்டுக் காத்து சுத்தமா இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். பின்னறையைக் காலி பண்ணி, கழுவி, கட்டில் போட்டு வச்சிருக்கேன். பக்கத்துலயே குளியலறை. இப்ப இந்த ரெண்டு பேப்பர்ல எதை நம்பி அவரை இங்க கூட்டிட்டு வர்றது?"

"யார் பொய் சொல்றாங்கன்னு நீங்க நினைக்கறீங்க?" என்றார் துப்பறிவாளர்.

"அது எனக்கு எதுக்குங்க? பொய் சொன்னவங்களை நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க. தண்ணி நல்லதா கெட்டதான்னு மட்டும் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க."

கொசு குரலைத் தாழ்த்தினான். "அக்கா, அந்தப் பைப்காரரை எப்படித் தெரியும்?"

"சமையலறைக் குழாய் ஒழுகிச்சு, கூப்பிட்டேன். பேச்சுவாக்குல ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னேன். உடனே, தண்ணி போர்வெல்லான்னு கேட்டார்."

"பார்த்தீங்களா பாஸ்?" என்று கொசு காதைக் கடித்தான். "நோயாளி இருக்கற வீடா பார்த்துத் தூண்டில் போட்டிருக்கான்."

பைப்காரர் பின்சந்தில்தான் இருந்தார். வேனின் பின்கதவைத் திறந்துவைத்து, பெரிய கைகளுக்குள் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை வைத்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் அதைச் சட்டைப் பைக்குள் போட்டார். மறைக்கிற மனிதனைக் கண்டால் கொசுவுக்குக் கை சும்மா இருக்காது. பாய்ந்து புட்டியைப் பிடுங்கி, வெயிலில் தூக்கிப் பிடித்து, மருந்து கலக்குகிற மாதிரி நன்றாக ஆட்டினான்.

"ஐயோ, குலுக்காதய்யா!"

"ஏன்? உள்ளே போட்டது கலங்கிடுமா?"

"உள்ளே இருக்கறது பிரிஞ்சிடும்! சோடாவைக் குலுக்கினா என்ன ஆகும்? கேஸ் தண்ணியை விட்டுடும்ல? அந்தம்மா வீட்டுத் தண்ணியை இன்னொரு தடவை அனுப்பலாம்னு பிடிச்சேன். கெடுத்தே. இனி மறுபடி பிடிக்கணும்."

"மறைச்சீங்களே அண்ணே?"

"காலையிலேருந்து இந்த வீதியில என்னைத் திருடன்னு சொல்றாங்க. திருடன் கையில புட்டி இருந்தா பிடுங்குவாங்கன்னு நினைச்சேன். பிடுங்கிட்டே."

துப்பறிவாளர், "எப்படிப் பிடிப்பீங்கன்னு காட்டுங்க" என்றார்.

சமையலறையில் பைப்காரர் குழாயைத் திறந்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டார். ஒரு பாத்திரம் நிரம்பியதும், புதுப் புட்டியைத் தண்ணீருக்கு அடியில் வைத்தே நிரப்பி, அடியிலேயே மூடியையும் திருகினார். தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். உள்ளே ஒரு குமிழ்கூட இல்லை. பிறகு லேபிளில் தேதி எழுதினார். கடிகாரத்தைப் பார்த்து மணியும் எழுதினார்.

"மணி எதுக்கு?" என்றார் துப்பறிவாளர்.

"ஃபாரத்துல கேட்டிருக்கான், எழுதறேன். காரணம் எனக்குத் தெரியாதுங்க."

"அந்தத் தொட்டி என்ன பண்ணும்?"

"போர் தண்ணி முதல்ல மூடின தொட்டிக்குள்ள வரும். அடியிலேருந்து மெஷின் வச்சுக் காத்தை ஊதுவோம். தண்ணி கொதிக்கற மாதிரி குமிழ் விடும். குமிழோட சேர்ந்து கேஸும் வெளியே வந்துடும். அதைப் பைப் போட்டுக் கூரைக்கு மேல ஏத்தி விட்டுடுவோம். சுத்தமான தண்ணி வீட்டுக்குள்ள போகும்."

"தண்ணிக்கு ஏப்பம் வர வைக்கறீங்க" என்றான் கொசு.

"அப்படித்தான் வச்சுக்க."

"கரி ஃபில்டர்னு ஒண்ணு சொன்னாங்களே" என்றாள் தையல்காரம்மா.

"அதுவும் பிடிக்கும்மா. ஆனா பிடிச்சதை உள்ளயே வச்சிருக்கும். நாள் ஆக ஆக அந்த டப்பா பக்கத்துல நிக்கறதே நல்லதில்லை."

"எங்க மாமியாருக்கு ஃபில்டர்னு பேர் வச்சிருக்கலாம்" என்றான் கொசு.

வெளியே வந்ததும் அவன் முகம் மாறியது. "பாஸ், ஆள் ரொம்பச் சுத்தமா வேலை பார்க்கறார். எனக்கு அதான் சந்தேகமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றார் துப்பறிவாளர். "ஆனா அவர் மேல இல்லை."

*

சங்க அலுவலகம் முன்பு ஒரு கார் ஷெட்டாக இருந்தது. இப்போது அங்கே காருக்குப் பதிலாகச் செயலாளர் இருந்தார். முப்பத்தொரு வருஷம் அலுவலக சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் மேஜையில் பென்சில்கள் உயர வரிசைப்படி படுத்திருந்தன.

"எல்லாமே முறைப்படி நடந்திருக்கு" என்று அவர் கோப்பை நகர்த்தினார். கேள்வி எதுவும் கேட்கப்படுவதற்கு முன்பே வந்த பதில் அது.

கோப்பில் இருபத்திரண்டு ஆய்வறிக்கைகள். கொசு புரட்டினான். மறுபடியும் புரட்டினான். அவன் மூக்கு மெல்ல மேலே எழுந்தது.

"சார், எல்லாப் புட்டியிலயும் தண்ணி பிடிச்ச தேதி இருபதாம் தேதின்னு இருக்கே. இருபத்திரண்டு வீட்டுலயும் ஒரே நாள்ல பிடிச்சீங்களா? இல்லை, ஒரே குழாயில பிடிச்சு இருபத்திரண்டு லேபிள் ஒட்டினீங்களா?"

செயலாளர் எழுந்தார். எழுவதற்கே அரை நிமிஷம் ஆயிற்று. "என் முழங்காலைப் பாருங்க! ஒரு நாளைக்கு ரெண்டு வீடு. அதுக்கு மேல என்னால முடியாது. ஒண்ணாந்தேதி ஆரம்பிச்சேன், பதினொண்ணாந்தேதி முடிச்சேன். ஒவ்வொரு புட்டியையும் ரொப்பி, அரக்கு வச்சு, இதோ இந்தப் பதிவேட்டுல எழுதியிருக்கேன்."

பதிவேடு பொய் சொல்லவில்லை. ஒன்றாம் தேதி, வீடு ஒன்று, இரண்டு. ஏழாம் தேதி, பதின்மூன்று, பதினாலு. பதினோராம் தேதி, இருபத்தொன்று, இருபத்திரண்டு.

"அப்புறம் லேபிள்ல இருபது எப்படி வந்தது?"

செயலாளர் இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, ஒவ்வொரு லேபிள்லயும் ஏழு நிர்வாகிகள் கையெழுத்து வேணும். நான் போட்டேன், தலைவர் போட்டார், மத்தவங்க போட்டாங்க. பொருளாளர் அவர் மச்சினன் வீட்டுக்குப் போயிட்டு இருபதாம் தேதிதான் வந்தார். கடைசிக் கையெழுத்து விழற தேதிதான் ஆவணத்தோட தேதி. அதுக்கு முன்னால அது ஆவணமே கிடையாது."

"தண்ணி?"

"தண்ணியும்தான்."

துப்பறிவாளர் கொசுவின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு பதிவேட்டைக் கையில் எடுத்தார். "நம்பர் வரிசையா அளவை மட்டும் படி."

கொசு கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தான். "ஒண்ணாம் நம்பர் நாற்பத்தெட்டு. ரெண்டு, அம்பது. மூணு, அறுபது. நாலு, அம்பத்தெட்டு... பதினாலு, நூத்து நாற்பத்திரண்டு... பதினெட்டு, இருநூறு... இருபத்திரண்டு, இருநூத்துத் தொண்ணூத்து மூணு." நிறுத்தினான். "பாஸ், இது மாடிப்படி ஏறுது."

"பாறைக்குக் கதவு நம்பர் தெரியுமாடா?"

"தபால்காரருக்குத்தான் தெரியும்."

"யார் வீட்டுல ஆரம்பிச்சீங்க?" என்று துப்பறிவாளர் செயலாளரைக் கேட்டார்.

"தலைவர் வீட்டுலதான். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

துப்பறிவாளர் வாசலுக்குப் போய் ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தார். கொசுவுக்கு ஒரு பக்கம்தான் கேட்டது. "ஆமாம்மா, ரேடான் பிரிவுதான்... மூடின புட்டியிலயுமா?... எத்தனை நாளைக்கு ஒரு தடவை?... உங்களுக்குக் கிடைச்சது என்னைக்கு?... இல்லம்மா, உங்க தப்பு ஒண்ணுமில்லை."

போனை வைத்தபோது அவர் முகத்தில் வழக்கமான வெற்றிக் களை இல்லை. கொசுவுக்கு அது பிடிக்கவில்லை.

"கண்டுபிடிச்சாச்சா?"

"ம்."

"குற்றவாளி ஒருத்தனா, ரெண்டு பேரா?"

"ஏழு பேர்" என்றார் துப்பறிவாளர். "கண்ணாடியைப் பிடி."

*

ஐந்து மணி. வீதி முனையில் நாற்பது நாற்காலிகள், ஒரு மைக், திரைக்குப் பின்னால் பலகை. கடைசி வரிசையில் தையல்காரம்மா. அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளிப் பைப்காரர், தூக்குத் தண்டனைக் கைதியைப் போலச் சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு.

"ஒரு வீதியின் நற்பெயர் என்பது அதன் நீரில் இருக்கிறது" என்று தலைவர் மைக்கில் ஆரம்பித்தார். எழுதி வைத்துப் படித்ததால் நடுவில் ஒரு பக்கம் மாறிப்போய், வந்திருந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வரவேற்றார். பிறகு துப்பறிவாளரைக் கூப்பிட்டார். "கலப்படம் நடந்ததா இல்லையா, சொல்லுங்க."

"இவர் புட்டியில யாரும் எதையும் சேர்க்கலை" என்றார் துப்பறிவாளர். "உங்க புட்டியிலேருந்துதான் போயிருக்கு."

கூட்டத்தில் முணுமுணுப்பு. தலைவர் சிரித்தார். "எங்க புட்டியில அரக்கு முத்திரை வச்சிருக்கு. காத்துகூட வெளியே போகாது."

"வெளியே போகலை. உள்ளயே செத்துப்போச்சு."

மைக் ஒரு முறை கீச்சிட்டு அடங்கியது.

"இந்த கேஸ், மூடின புட்டிக்குள்ள இருந்தாலும் தானா அழியும். ஏறக்குறைய நாலு நாளைக்கு ஒரு தடவை பாதியாகும். அதனாலதான் ஆய்வுக்கூடத்துல தண்ணி பிடிச்ச தேதியும் மணியும் கேட்கறாங்க. எத்தனை நாள் ஆச்சுன்னு பார்த்து, அழிஞ்சதையும் சேர்த்துக் கணக்குச் சொல்லுவாங்க. நீங்க கொடுத்த தேதி இருபது. தண்ணி நேத்துதான் பிடிச்சதுன்னு அவங்க நம்பி அளந்தாங்க. ஆனா உங்க வீட்டுத் தண்ணி அதுக்குள்ள பத்தொன்பது நாள் அலமாரியில உட்கார்ந்து கையெழுத்து வாங்கிட்டு இருந்தது."

"அப்ப என் நாற்பத்தெட்டு?"

"பத்தொன்பது நாள்னா கிட்டத்தட்ட அஞ்சு தடவை பாதியாயிருக்கு. திரும்ப அஞ்சு தடவை ரெட்டிப்பாக்கணும். கொசு!"

கொசு நாற்காலி மேல் ஏறினான். ஏலம் போடும் குரல் அவனுக்கு இயல்பாகவே வரும். "நாற்பத்தெட்டு! ஒரு தரம், தொண்ணூத்தாறு! ரெண்டு தரம், நூத்துத் தொண்ணூத்திரண்டு! மூணு தரம், முந்நூத்து எண்பத்து நாலு!" முந்நூறைத் தாண்டியதும் கூட்டமும் கூடவே எண்ண ஆரம்பித்தது. "நாலு தரம், எழுநூத்து அறுபத்தெட்டு! அஞ்சு தரம்..."

"ஆயிரத்து ஐந்நூத்து முப்பத்தாறு" என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் முடித்தது. அது தலைவரின் மனைவி.

"பதினாலாம் நம்பர் பதின்மூணு நாள் காத்திருந்தது. கணக்குப் போட்டா ஆயிரத்து ஐந்நூறு" என்றார் துப்பறிவாளர். "இருபத்திரண்டாம் நம்பர் ஒன்பது நாள். அதுவும் ஆயிரத்து ஐந்நூறு. எல்லாம் ஒரே பாறை. முதல்ல பிடிச்ச வீடு ரொம்ப நாள் காத்திருந்தது, அதனால ரொம்பச் சுத்தமா தெரியுது. வீதியிலேயே ஒழுங்கா அளந்த தண்ணி ஒண்ணுதான். இவர் பிடிச்சு அன்னைக்கே அனுப்பினது."

எல்லாத் தலைகளும் பைப்காரர் பக்கம் திரும்பின. அவர் மேல்பொத்தானைக் கழற்றி மூச்சு விட்டார்.

செயலாளர் கையை உயர்த்தினார். "ஆனா நடைமுறையில தவறு ஏதும் இல்லைன்னு பதிவு பண்ணணும்."

"பண்ணிக்குங்க" என்றான் கொசு. "ஏழு பேர் கையெழுத்துப் போட்டுக் கேஸைக் கொன்னிருக்கீங்க. உலகத்துல இவ்வளவு மலிவா யாரும் தண்ணி சுத்தம் பண்ணினதில்லை. என்ன, குடிக்கறதுக்கும் குளிக்கறதுக்கும் இருபது நாள் முன்னாடியே மனு கொடுக்கணும்."

சிரிப்பு எழுந்தது. ஒரே ஒரு ஆள் சிரிக்கவில்லை. தையல்காரம்மா எழுந்து நின்றாள்.

"அப்ப என் வீட்டுல ஆயிரத்து ஐந்நூறுதான்?"

"ஆமாம்மா" என்றார் துப்பறிவாளர். "நாளைக்கு அவரை இங்க கூட்டிட்டு வராதீங்க. முக்கியமா அந்தப் பின்னறைக்கு வேண்டாம். குளியலறையில வெந்நீரைத் திறந்தா அவ்வளவு கேஸும் அங்கதான் வரும்."

கழுவித் துடைத்த அறையும், விரித்து வைத்த படுக்கையும் அவள் முகத்தில் வந்து போயின. பிறகு பைப்காரர் பக்கம் திரும்பினாள்.

"தொட்டி வைக்க எத்தனை நாள் ஆகும்?"

"மூணு நாள் கொடுங்கம்மா. நாலாவது நாள் ஓடும். ஓடினதும் அன்னைக்கே தண்ணி பிடிச்சு அனுப்பறேன்."

"அதுவரைக்கும் என் தங்கச்சி வீட்டுல வச்சுக்கறேன். அவளுக்கு ஏரித் தண்ணிதான் குழாய்ல வருது. அது பரவாயில்லையா?"

"திறந்த ஏரியில இந்த கேஸ் தங்காதும்மா. தாராளமா போங்க."

அவள் வீட்டுச் சாவியைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். "இப்பவே ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு, தங்கைக்குப் போன் செய்துகொண்டே நடந்தாள்.

மைக்கில் தலைவர் தொண்டையைக் கனைத்தார். இவ்வளவு கனமான பிரச்சினையை உணர்ச்சிவசப்பட்டு அணுகக் கூடாது என்றார். நிலைமையை ஆராய ஒரு குழு அமைக்க வேண்டும் என்றார். குழுவுக்குத் தலைமை தாங்கத் தான் தயார் என்றும், யாரும் கேட்காமலே, சொன்னார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கை தூக்கியவர்களில் பாதிப் பேர் எதற்கு என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சந்தடியில் தலைவரின் மனைவி நைசாக எழுந்து வந்து பைப்காரர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தம்பி, அடுத்தது எங்க வீட்டுக்கு."

"தலைவர் சம்மதிக்கணுமேம்மா."

"அவர் வாசலுக்கு வெளியேதான் தலைவர்."

பதினாலாம் நம்பரில் நாலாவது நாள் தொட்டி ஓடியது. அன்றே பிடித்து அன்றே அனுப்பிய தண்ணீரில் அளவு பதினெட்டு. ஐந்தாவது நாள் காலை தையல்காரம்மா கணவனைக் கைத்தாங்கலாக வீட்டுக்குள் கூட்டி வந்து பின்னறைக் கட்டிலில் படுக்க வைத்தாள்.

அதே நேரம் பைப்காரர் தலைவர் வீட்டில் அடுத்த தொட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். குழு இன்னும் கூடவில்லை. மற்ற இருபது வீடுகளிலும் வழக்கம்போல வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தார்கள்.